சேலத்திலிருந்து காரில்: செம்மணல், கடற்கரை, ஆளில்லாத ஊர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு சேலத்தில், ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கம். மலையைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, லீவு விட்டால் மலை இல்லாத பக்கம்தான் போகத் தோன்றும். பதினைந்து வருடமாகப் பழைய டீசல் கார் ஒன்றில் இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். சொந்தக்காரர்களும் தெரு ஆட்களும் வெள்ளிக்கிழமை ராத்திரி போன் போட்டுக் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன்.

தமிழ்நாட்டில் பாலைவனம் இருக்கிறதா?

ராஜஸ்தான் மாதிரி இல்லை. ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காடு இருக்கிறது. திருச்செந்தூரிலிருந்து மேற்கே காயாமொழி, நாலுமாவடி பக்கம் போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் மிளகாய்த்தூள் நிறத்தில் மண், மேடு மேடாக. இடையிடையே பனை, முந்திரி, உடைமரம். மணலில் இருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வந்து சுருட்டிச் சுருட்டிக் குவித்த மேடுகள் இவை. அடியில் தண்ணீர் இல்லாமலும் இல்லை. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் செம்மணல், நடுவில் சுனை.

பழைய இலக்கணப்படி பார்த்தால் பாலை என்பது மணலே இல்லை. மழை பொய்த்துக் காய்ந்துபோன குறிஞ்சியும் முல்லையும்தான் பாலை. அந்தக் கணக்கில் சித்திரை மாதம் நீங்கள் வீட்டு வாசலில் நின்றாலே போதும், பெட்ரோல் மிச்சம்.

தேரிக்கு எந்த மாதம் போகலாம்?

கார்த்திகை கடைசியிலிருந்து மாசி வரை. ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், கேமராவைப் பைக்குள்ளிருந்து எடுக்க முடியாது. பதநீர் குடிக்க வேண்டும் என்பவர்கள் பங்குனி, சித்திரையில் போகலாம், வெயிலைப் பொறுத்துக்கொள்வதாக இருந்தால். எந்த மாதமானாலும் காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நாலுக்கு மேல்தான் மணலில் இறங்க வேண்டும். நடுப்பகலில் செருப்பையும் மீறிச் சுடும், போட்டோவிலும் அந்தச் சிவப்பு வெளுத்துப்போய்த் தெரியும். உண்மையான நிறம் மாலை ஐந்தரை மணிக்குத்தான் வரும்.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலானவர்கள் கிலோமீட்டரிலிருந்து தொடங்குகிறார்கள். ‘சேலம் டூ மதுரை 235, நாலு மணி நேரம்’ என்று. நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். முதல் தடவை தனுஷ்கோடிக்குப் போனபோது காலை டிபனைக் கரூரில் நிதானமாக முடித்து, மதுரையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டு, ராமநாதபுரத்தில் டீ குடித்து, சோதனைச்சாவடியை அடைந்தபோது சாயங்காலம் ஐந்தே கால் தாண்டிவிட்டது. “இனிமே உள்ள விடமாட்டோம் சார்” என்று அங்கிருந்தவர் மரியாதையாகவே சொன்னார். நானூறு கிலோமீட்டர் ஓட்டிப்போய் ஒரு கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அதிலிருந்து நான் பின்னாலிருந்துதான் கணக்குப் போடுகிறேன். போகும் இடத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வது. அங்கிருந்து பின்னோக்கி வந்து புறப்படும் நேரத்தைக் கண்டுபிடிப்பது. தேரிக்கு மாலை வெயில், தனுஷ்கோடிக்குச் சாவடி மூடும் நேரம், மேட்டூருக்கு அணையின் நீர்மட்டம், காட்டு ரோட்டுக்குப் பகல் வெளிச்சம். இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கெடு உண்டு, அதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வெறும் டிரைவிங்தான்.

தனுஷ்கோடிக்கு ஒரே நாளில் போய்வரலாமா?

வரலாம், ஆனால் வேண்டாம். சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வரை நான்கு வழிச்சாலை. மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம் இன்னொரு 170 கி.மீ. ராமேஸ்வரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை இன்னும் இருபது சொச்சம். ஒருவழியே ஏறக்குறைய 425 கி.மீ. ஆகிறது. போகவர 850. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் வண்டி என்றால் 57 லிட்டர் பெட்ரோல், சுங்கம் தனி. இவ்வளவு செலவழித்துவிட்டு அங்கே ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புவது கட்டுப்படியாகாது.

நான் சொல்வது இதுதான்: காலை நாலரைக்குப் புறப்படுங்கள். மதியம் ராமேஸ்வரத்தில் ரூம். சாயங்காலம் கோயில். மறுநாள் விடியற்காலை சாவடி திறந்ததும் முதல் வண்டியாக உள்ளே போய்விடுங்கள். எட்டு மணி வரை அங்கே கூட்டம் இருக்காது, சங்குமாலைக் கடைகள்கூட அப்போதுதான் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருக்கும்.

‘நைட்டோட நைட்டா போயிடலாம்’ என்பது நம் ஊரில் ஒரு வியாதி. பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டால் மூன்றிலிருந்து ஐந்துக்குள், கண் செருகும் நேரத்தில், திண்டுக்கல்லைத் தாண்டி நேர் ரோட்டில் இருப்பீர்கள். ரோடு நேராக இருக்க இருக்கத் தூக்கம் அதிகம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பாம்பன் பாலத்தில் காரை நிறுத்தி எட்டிப் பார்க்காதீர்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் கீழே தெரியும், ஆசையாகத்தான் இருக்கும். பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடந்து வந்து பாருங்கள்.

தனுஷ்கோடியில் பார்க்க என்ன இருக்கிறது?

முன்பு சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயில் இங்கே வரும். இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் நிலையம், சர்ச் என்று நிறைந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் கடல் உள்ளே வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்த நூறு பேருக்கு மேற்பட்டவர்களோடு, அலை கொண்டுபோனது. பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர் ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர், 46 நாளில் முடித்துக்கொடுத்தார். பாலம் மீண்டது, ஊர் மீளவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

இன்று மிஞ்சியிருப்பது சர்ச்சின் சுவர்கள், ஸ்டேஷன் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், இன்னும் சில மொட்டைச் சுவர்கள். சர்ச் சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், செங்கல் இல்லை, கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல். கல்லுக்குள் தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள் வரிசையாகத் தெரியும். கடலிலிருந்து எடுத்துக் கட்டியதைக் கடலே வந்து பிரித்துப் போட்டிருக்கிறது.

2017-ல் தார்ரோடு அரிச்சல்முனை வரை வந்துவிட்டது. அதற்கு முன்னால் வேனிலும் ஜீப்பிலும் மணலிலும் சேற்றிலும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். எனக்கு அந்தக் குலுக்கல் பிடித்திருந்தது, முதுகுக்குப் பிடிக்கவில்லை.

அங்கே கடலில் குளிக்கலாமா?

கூடாது. நீங்கள் நிற்கும் ரோட்டுக்கு ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல் என்பார்கள். பாக் நீரிணைப் பக்கம் குளம்போலக் கிடப்பது பெண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் அலை எழும்புவது ஆண்கடல். முனையில் இரண்டும் சேரும் இடத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. பார்த்தால் கணுக்கால் அளவுத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

ஆளில்லாத ஊரில் பேய், கீய்?

மீனவக் குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. குடிசைக்குப் பக்கத்தில் மணலில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், அதைத்தான் மொண்டு குடிக்கிறார்கள். அவர்கள் வாசலில் நின்று ‘பேய் ஊர்’ என்று சத்தமாக வீடியோ எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

கார் மணலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

இதை நான் மணப்பாட்டில் கற்றுக்கொண்டேன். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றும், அதன் மேல் திருச்சிலுவைக் கோயிலுமாக அழகான ஊர். நிழல் தேடி ரோட்டைவிட்டு ஐந்தடி உள்ளே காரை இறக்கினேன், அவ்வளவுதான். திரும்ப எடுக்கும்போது முன்சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தேன். அரை நிமிடத்தில் வண்டியின் வயிறு மணலைத் தொட்டுவிட்டது.

அந்த வழியாகச் சைக்கிளில் வந்த அண்ணாச்சி ஒருவர் இறங்கி, “மிதிக்காதிய தம்பி, மிதிக்க மிதிக்கக் கீழதான் போவும்” என்றார். பிறகு அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். எல்லோரையும் காரைவிட்டு இறங்கச் சொன்னார். முன்சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் மணலைக் கையால் பறித்தார். வால்வில் ஒரு குச்சியை அழுத்தி டயரில் காற்றைப் பாதிக்குப் பாதி இறக்கினார். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி மணலில் அகலமாக உட்காரும், புதையாது. வேலியோரம் கிடந்த காய்ந்த பனை ஓலைகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகினார். “இப்ப ரிவர்ஸ் போட்டு, பொண்ணு தூங்குத வீட்ல நடக்கமாதிரி மெதுவா” என்றார். வந்த தடத்திலேயே பின்னால் வந்து ரோட்டில் ஏறிவிட்டது. என் மனைவி அவரிடம் பணத்தை நீட்ட, அவர் கோபித்துக்கொண்டு, “உடன்குடிக் கருப்பட்டி வாங்கிட்டுப் போங்க, அது போதும்” என்று சைக்கிளை எடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து டயர் அழுத்தம் பார்க்கும் மானி, பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றடிக்கும் பம்ப், பழைய கோணிச்சாக்கு இரண்டு, ஒரு கைமண்வெட்டி இந்த நாலும் டிக்கியில் நிரந்தரம். மானியில் 33 பி.எஸ்.ஐ. இருந்தால் 18 வரை இறக்கலாம். ரோட்டில் ஏறியதும் முதல் வேலையாகக் காற்றை நிரப்புங்கள். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடாகிக் கிழியும். அப்புறம், தேரி மேட்டில் காரை ஏற்றிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அதில் வனத்துறைக் காடும் இருக்கிறது, பனங்காட்டுக்காரர்களின் பிழைப்பும் இருக்கிறது.

அவ்வளவு தூரம் முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் இருக்கிறது. பக்கத்தில் ஏதாவது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன். சேலம் மாவட்டத்துக்குள்ளேயே மூழ்கிப்போன ஊர் இருக்கிறது, மேட்டூர் அணைக்குள்.

அணை கட்டி முடிந்தது 1934-ல். நீர்த்தேக்கத்துக்காகப் பல கிராமங்கள் எழுந்து வெளியேறின. என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பிறந்த ஊரும் அதில் ஒன்று. சமையலறையில் மோர் கடைந்துகொண்டே, “எங்க ஊரு தண்ணிக்குள்ள இருக்குது” என்று பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோலச் சொல்லும். சின்ன வயதில் அது கதை என்றே நினைத்தேன்.

கொளத்தூர் பக்கம் பண்ணவாடி பரிசல் துறைக்குப் போனால் எதிர்க்கரை தர்மபுரி மாவட்டத்து நாகமரை. அணையில் தண்ணீர் நிறைந்திருந்தால் தண்ணீரை மட்டும்தான் பார்ப்பீர்கள். மட்டம் நன்றாக இறங்கினால் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் எட்டிப் பார்க்கும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும். நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது, நீர்வரத்து, வெளியேற்றம் எல்லாம் சேர்த்து. மற்றவர்கள் அதைப் பாசனத்துக்காகப் படிக்கிறார்கள், நான் டூருக்காகப் படிக்கிறேன். முழு மட்டம் 120 அடி. தொண்ணூறு, நூறு என்று இருந்தால் வீட்டிலேயே இருங்கள். வழக்கமாகச் சித்திரை, வைகாசியில், குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால், பார்க்க வாய்ப்பு அதிகம். ஆனால் நிச்சயமில்லை, சில வருடம் கோடையிலும் நிறைந்தே கிடக்கும்.

2024 மே மாதம் போனபோது மட்டம் ஐம்பது அடியை ஒட்டி இருந்தது. நந்திக்குப் பக்கம்வரை நடந்தே போனோம். கல்லின் மடிப்புகளில் வண்டல் காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருந்தது, காதுக்குப் பின்னால் சின்னச் சின்ன நத்தைக்கூடு. யாரோ அதற்குள்ளாகவே வந்து நந்திக்குப் பொட்டு வைத்து, கழுத்தில் செவ்வந்திச் சரம் போட்டிருந்தார்கள். அந்த வருடம் ஜூலை முடிவதற்குள் அணை நிரம்பிவிட்டது. இரண்டே மாதத்தில் நந்திக்கு மேல் பரிசல் போனது.

ஒரு எச்சரிக்கை: வெடித்துக் காய்ந்த ஏரி மண் மேலே ஓடு மாதிரி இருக்கும், அடியில் களி. காரைக் கரையிலேயே விடுங்கள். பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் தனியாக விடாதீர்கள்.

அதே ரோட்டில் இன்னும் போகலாமா?

போகலாம், இது பலருக்குத் தெரியாது. கொளத்தூரிலிருந்து பாலாறு, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழியாகக் கர்நாடகத்துத் தலக்காடு. சேலத்திலிருந்து சுமார் 200 கி.மீ. மேலைக் கங்கர்களின் தலைநகரமாக இருந்து, சோழர் கைக்குப் போய், பிறகு ஹொய்சளர் பிடித்த ஊர். இன்று அதன் கோயில்கள் மணலுக்குள். மேட்டின் மேல் நடந்துபோய்ப் படியிறங்கினால் கீழே கோபுரமும் மண்டபமும் இருக்கும். கீர்த்திநாராயணர் கோயில், சோழரை வென்றதற்காக விஷ்ணுவர்தனன் கட்டியது. ‘தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும்’ என்று ஸ்ரீரங்கப்பட்டணத்து அரசப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா விட்ட சாபம் என்பது ஊர்க்கதை. காவிரியில் மேலே கட்டிய அணையால் படுகை காய்ந்து மணல் காற்றில் எழும்பியது என்பது இன்னொரு விளக்கம். எங்கள் அம்மாயிக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கும்.

மாதேஸ்வரன் மலை ரோடு காட்டு ரோடு, யானை நடமாட்டம் உண்டு. போவதும் வருவதும் பகலில் முடிய வேண்டும்.

சிறு பிள்ளைகளோடு போக எந்தக் கடற்கரை?

தரங்கம்பாடி. ஆத்தூர், பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகப் போங்கள், நடுவில் கங்கைகொண்ட சோழபுரம். இரண்டரை நூற்றாண்டு தலைநகரமாக இருந்த இடம். கோயில் மட்டும் நிற்கிறது, அரண்மனை மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகக் கிடக்கிறது. பிள்ளைகளிடம் ‘இங்கேதான் ராஜா வீடு’ என்றால், ‘எங்கே?’ என்பார்கள். நியாயமான கேள்வி. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, அதன் முன்னால் மணல், வாசல் திண்ணை வைத்த அமைதியான தெருக்கள். கடலில் கால் நனைப்பதோடு சரி.

ஐப்பசி, கார்த்திகையில் எந்தக் கடற்கரைக்கும் வானிலைச் செய்தி பார்க்காமல் புறப்படாதீர்கள். பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், ரூம் அட்வான்ஸ் போனால் போகட்டும்.

ஏற்காட்டிலிருந்து புறப்படுகிறோம், ஏதாவது வித்தியாசம்?

சேலம் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. இருட்டோடு இறங்குவதைவிட முந்தின நாள் சாயங்காலமே இறங்கி, சேலத்தில் யார் வீட்டிலாவது படுத்துவிட்டு அதிகாலையில் கிளம்புங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை மிதித்தே வராதீர்கள். அடிவாரத்தில் பிரேக் வாசனை வந்தால் அரைமணி நேரம் நிறுத்திவையுங்கள்.

ராஜஸ்தான்வரை காரிலேயே போகலாமா?

ஜெய்சால்மர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். போக நாலைந்து நாள், வர நாலைந்து நாள். லீவு முழுக்க நெடுஞ்சாலையைத்தான் பார்ப்பீர்கள். ஜோத்பூர் வரை ரயிலிலோ விமானத்திலோ போய் அங்கே வண்டி எடுத்துக்கொள்வது மேல். ஜெய்சால்மருக்கு நாற்பது கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள், பதினெட்டில் குல்தாரா. பாலிவால் அந்தணர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப்போன கிராமம். திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் ஒரே ராத்திரியில் போனார்கள் என்பது கதை, கிணறு வற்றியதும் வரிச்சுமையும்தான் காரணம் என்போரும் உண்டு. திவான் பெயர் சாலிம் என்று கேட்டதும் எங்கள் பையன், “நம்ம ஊர்க்காரரா?” என்றான். மார்கழி, தை நல்ல மாதம்.

சேலம் வெள்ளைக்கல் மேடுகளுக்குப் போய்ப் படம் எடுக்கலாமா?

ரயிலிலிருந்து பார்த்தால் உப்புப் பாலைவனம் மாதிரி இருக்கும், தெரியும். சுரங்க நிலம் அது. அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது, ஆழமான குழிகள் இருக்கின்றன.

சாப்பாடு, தண்ணீர்?

ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், வண்டிக்குத் தனியாக ஐந்து. புளிச்சோறு மறுநாள் மதியம் வரை தாங்கும், தேங்காய் சேர்த்த எதுவும் தாங்காது. தட்டுவடை செட்டைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், நாமக்கல் தாண்டுவதற்குள் நமுத்துவிடும். தட்டுவடை ஒரு டப்பா, சட்னி இரண்டு டப்பா, துருவிய காரட் பீட்ரூட் ஒரு டப்பா. வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் மேல் வைத்து அங்கேயே போட்டுச் சாப்பிடுங்கள். ராமநாதபுரத்தில் இதைப் பார்த்துவிட்டு ஒருவர் என்ன விலை என்று கேட்டார்.

ஞாபகத்துக்கு எதையாவது எடுத்து வரலாமா?

பவளத்துண்டு வேண்டாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இடிந்த சுவரின் கல்லும் வேண்டாம். கருப்பட்டி வாங்கலாம், பனை ஓலைப் பெட்டி வாங்கலாம். கடற்கரைக்குப் போய்வந்த மறுநாளே காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு துருவைக் கொண்டுவரும். தேரி மண் நீங்கள் எடுக்காமலே வந்துவிடும். மூன்று மாதம் கழித்து சர்வீஸுக்கு விட்டபோது, சீட்டுக்கு அடியில் வாக்வம் போட்ட பையன் கையில் ஒட்டிய சிவப்பைப் பார்த்துவிட்டு, “என்னண்ணா, குங்குமம் கொட்டிடுச்சா?” என்றான்.